வாழவந்த அம்மையார்

நாமக்கல்லுக்கு வடகிழக்கே வானளாவி நிற்கும் கொல்லிமலையைத் தமிழ் கற்றார் யாவரும் அறிவர். வல்வில் ஓரி என்னும் வள்ளல் ஆண்ட மலை அது. கண்டாரை மயக்கிக் கொல்லும் கொல்லிப்பாவை நின்ற இடமென்று சங்கச் சான்றோர் பாடிய மலையும் அதுவே. அறப்பளீசுரர் எழுந்தருளிய தலமாதலின் சைவப் பெருமக்கள் அதனை இன்றும் போற்றி வழிபடுவர். ஆயின், அடிவாரத்து ஊர்களில் வாழ்ந்த குடியானவர்கள் அம்மலையை நினைத்த விதம் வேறு. மேலே ஏறினவன் மலைச்சுரத்தோடன்றி இறங்கான் என்பது அவர்கள் கண்டறிந்த உண்மை. பாவையின் கதையை நம்பாதவரும் சுரத்தை நம்பினர். வேலையின்றி ஒருவரும் அங்கே ஏறார். ஏறினாலும் இராத் தங்கார்.

அத்தகைய மலைக்கு 1913-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், திருமணமான அன்றே, மணக்கோலத்துடன் ஏறிச் சென்றார் ஓர் ஆங்கிலப் பெண்மணி. அவர் பெயர் ஈவ்லின் கான்ஸ்டன்ஸ் பிராண்டு. அவருடைய மகனார் டாக்டர் பால் பிராண்டு வேலூரில் தொழுநோயாளர் பலருடைய மடங்கிய கைகளை நிமிர்த்தி உலகப் புகழ் பெற்றவர். அவரை நம்முள் பலர் அறிவோம். அன்னையாரை அறிந்தவர் அத்துணைப் பேர் இலர். அவர் வரலாற்றை எழுதுவோர் அதனை மிஷனெரி வரலாறாகவே எழுதுவது வழக்கம். எனக்கோ அது முதன்மையாக ஒரு காதல் வரலாறாகவே தோன்றுகின்றது. கணவரும் மனைவியும் கூடி வாழ்ந்த காலம் பதினாறு ஆண்டுகூட நிரம்பவில்லை. கணவர் மறைந்தபின் அம்மையார் உயிர் வாழ்ந்ததோ நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல். இருவரும் சேர்ந்து தொடங்கிய இல்லறத்தின் பெரும்பகுதியை ஒருவரே நடத்த நேர்ந்தது.

முதலில் மாப்பிள்ளையைப் பற்றிச் சில சொற்கள். ஜெஸ்ஸி பிராண்டு 1885-இல் இங்கிலாந்தில் கில்டுபோர்டு என்னும் ஊரில் பிறந்தவர். கட்டடம் கட்டுவதே அவர் பழகிய தொழில். இந்தியாவில் ஊழியம் செய்யும் விருப்பம் மேலிட, இலண்டனிலிருந்த லிவிங்ஸ்டன் கல்லூரியில் வெப்ப நாடுகளின் நோய்களைப் பற்றி ஓராண்டு பயின்று, 1907-இல் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்டு மிஷனைச் சேர்ந்தவராய்ச் சென்னை இராஜதானிக்கு வந்தார். முழு வைத்தியர் அல்லர். காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கவும், புண்ணைக் கழுவிக் கட்டவும், சொத்தைப் பல்லைப் பிடுங்கவும் வல்லவர். சமவெளியில் பணிபுரிந்த நாட்களில் அவர் கண்கள் கொல்லிமலையின்மேலேயே இருந்தன. அங்கே வைத்தியர் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, வண்டிப்பாதை இல்லை. இம்மூன்றும் இல்லாமையே அவரை அங்கே இழுத்தது.

மலைமேல் வாழ்வோர் மலையாளிகள் எனப்படுவர். மலையாள நாட்டாருக்கும் இவர்களுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை; மலையை ஆள்வோர் என்பதே பொருள். காஞ்சிபுரத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் தம் முன்னோர் என்று அவர்கள் சொல்வதுண்டு. பேசுவது தமிழ். சாமை, தினை, கேழ்வரகு விளைத்து, நாடு நாடாகப் பிரிந்து, தத்தம் நாட்டாரின் கட்டுப்பாட்டுக்கு அடங்கி வாழ்பவர்கள். அவர்களுக்கு நாகரிகம் இல்லையென்று எழுதிய ஐரோப்பியர் பலர். நாட்டாண்மையும் முறையும் பிழையாது நடந்துவந்த ஒரு சமுதாயத்தைப் பார்த்து அங்ஙனம் எழுதியது பொருந்தாது என்பதை மட்டும் இங்கே சொல்லிச் செல்கிறேன்.

இனி மணமகளைக் காண்போம். ஈவ்லின் ஹாரிஸ் 1879-இல் இலண்டனில் செல்வம் மிக்க வணிகர் குடும்பத்தில் பிறந்தவர். செயின்ட் ஜான்ஸ்வுட் என்னும் பகுதியில், உடன்பிறந்தார் பலரோடு குறையொன்றுமின்றி வளர்ந்தார். ஓவியம் பயின்றார், வண்ணங்களில் அவருக்குத் தனி மோகம் உண்டு. நல்லாடைகளிலும் அழகிய தொப்பிகளிலும் விருப்பமுள்ளவராக இருந்தார் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. முப்பது வயதளவிலும் திருமணம் செய்துகொள்ளாமல், ஏழைகளுக்கு உதவி செய்வதிலும் சபைக் காரியங்களிலும் நாட்களைக் கழித்துவந்தார். இவையெல்லாம் நல்ல காரியங்களே ஆயினும் அவர் உள்ளம் அமைதியுறவில்லை.

அந்நாட்களில்தான் ஜெஸ்ஸி பிராண்டு கொல்லிமலையைப் பற்றிப் பேசக் கேட்டார். காய்ச்சலைப் பற்றியும், மருந்தின்றி மடியும் குழந்தைகளைப் பற்றியும் அந்த இளைஞர் அலங்காரமின்றிச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த ஈவ்லினுக்கு மலையின்மேல் நாட்டம் பிறந்ததா, மலையைப் பற்றிப் பேசினவர்மேல் நாட்டம் பிறந்ததா என்று பிரித்துச் சொல்வது அரிது. அம்மையாரும் தம் வாழ்நாளில் அவ்விரண்டையும் பிரிக்க முயன்றதாகத் தெரியவில்லை. தந்தையார் முதலில் இசையவில்லை. பட்டும் பஞ்சணையுமாக வளர்ந்த மகள் வெயிலுக்கும் சுரத்துக்கும் ஈடுகொடுப்பாளோ என்று அஞ்சினார். எந்தத் தந்தையும் அஞ்சியிருப்பார். கடைசியில் மகளின் உறுதியே வென்றது. அவர் கப்பலேறிச் சென்னைக்கு வந்து, தமிழ் கற்கத் தொடங்கினார்.

சென்னையில் அவ்விருவரும் மறுபடியும் சந்தித்தனர். பின்னர் அன்பு கொண்டு மணம் பேசி முடித்தனர். மணமகளுக்கு வயது முப்பத்துநான்கு, மணமகனுக்கு இருபத்தெட்டு. நம் நாட்டுப் பெரியோர் இந்தக் கணக்கைக் கேட்டால் முகம் சுளித்திருப்பர்.

ஆகஸ்டு மாதம் மலையில் மழைக்காலம். மணம் முடிந்தவுடன் தம்பதிகள் அடிவாரத்துக்கு வந்தனர். மணமகளை டோலியில் வைத்துச் சுமந்து செல்வது ஏற்பாடு. ஏற்பாடுகள் எண்ணியபடி நடக்கவில்லை. மழை வந்து எல்லாவற்றையும் குலைத்தது. இக்காலத்தில் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகளைச் சுற்றிக்கொண்டு மோட்டார் வண்டி மேலே சேர்ந்துவிடுகின்றது. அந்நாளில் இருந்தது மனிதனும் ஆடும் ஏறும் ஒற்றையடித் தடம். மழை பெய்தால் அத்தடமே நீரோடையாகிவிடும். கல் வழுக்கும், முட்செடி ஆடையைப் பற்றும், அட்டை காலைப் பற்றும். அவ்வழியே ஈவ்லின் அம்மையார் மணப்பெண்ணின் உடையோடு நடந்தேறினார். மேலே சேர்வதற்குள் உடை நனைந்து, சேறு படிந்து, கிழிந்து போயிற்று. இலண்டனில் தொப்பிக்கும் இறகுக்கும் காலம் செலவிட்ட கை, அன்று நனைந்த பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாறையைத் தடவி ஏறியது. திரும்பிவிடலாம் என்று சொல்வதற்கு அன்று காரணங்கள் ஏராளமாக இருந்தன. அவர் சொல்லவில்லை.

மேலே அவருக்காகக் காத்திருந்தது ஒரு மரவீடு. துரையவர்கள் அதைச் சமவெளியில் வேலைசெய்து, பகுதி பகுதியாகப் பிரித்து, ஆட்களின் தலைச்சுமையாக மேலே கொண்டுவந்து பூட்டி நிறுத்தியிருந்தார். கறையான் ஏறாதபடி தரையிலிருந்து உயர்த்தித் தூண்களின்மேல் வைத்திருந்தார். கட்டட வேலை கற்றவர் தம் மனைவிக்குக் கட்டிய வீடு என்பதற்கு மேல் அதனிடம் வேறு சிறப்பு யாதும் இல்லை. அது வாழவந்தி என்னும் ஊரை அடுத்திருந்தது. புகுந்த வீட்டுக்கு வரும் பெண்ணை வாழவந்தவள் என்று சொல்வது நம் தமிழ் வழக்கு. ஊர்ப்பெயரின் உண்மையான வரலாறு எதுவாயினும் ஆகுக. சீமையிலிருந்து வந்த மணப்பெண் போய்ச் சேர்ந்த இடத்திற்கு அப்பெயர் அமைந்திருந்தது இனிய பொருத்தமே.

முதலாண்டுகள் கடினமானவை. 1914-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள் பால் பிறந்தார். அடுத்த மாதம் ஐரோப்பாவில் பெரும்போர் மூண்டது. பின்னர்க் கானி என்னும் பெண் குழந்தை பிறந்தது. துரையும் அம்மையாரும் மாறி மாறிச் சுரத்தில் படுத்தனர். கொசுவினால்தான் அச்சுரம் பரவுகிறது என்பதை 1897-இலேயே ரொனால்டு ராஸ் என்பார் செகந்தராபாத்தில் கண்டறிந்துவிட்டார் ஆயினும், அறிந்ததனால் மட்டும் கொசு கடியாதிருக்குமோ? கொயினா மருந்தே துணை. மலை மக்கள் மருந்துக்கு வந்தனர், அன்பாகவும் பேசினர், ஆனால் புதிய மார்க்கத்தில் சேர ஒருவரும் முன்வரவில்லை. சேர்ந்தவனை ஊர் தள்ளிவைக்கும். பெண் கொடார், கொள்ளார், தண்ணீரும் தாரார். ஊர்க்கோயில் பூசாரியும் இவர்களை எதிர்த்து நின்றார். ஆண்டுகள் பல இவ்வாறே கழிந்தன. அறிக்கையில் எழுதி அனுப்புவதற்குப் புள்ளியொன்றும் இல்லாத ஊழியக்காரனின் மனநிலை எத்தகையது என்பதை, பரீட்சையில் தவறினவரே ஒருவாறு அறிவர்.

1918-ஆம் ஆண்டின் இறுதியில் உலகமெங்கும் பரவிய விஷக் காய்ச்சல் கொல்லிமலையையும் அடைந்தது. இந்தியா முழுவதிலும் அதனால் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்று கணக்கிட்டிருக்கின்றனர். மலையில் சிற்றூர்கள் சில ஆளற்றுப் போயின. நோய் கண்டவரை வீட்டார் விட்டு ஓடினர். அவ்வேளையில் பிராண்டு தம்பதிகள் பானை பானையாகக் கஞ்சி காய்ச்சி ஊர் ஊராக எடுத்துச் சென்று, படுத்தவர் வாயில் ஊற்றினர். இந்நோய்க்கு மருந்தென்று யாரிடத்தும் ஒன்றில்லை. கஞ்சியும் தண்ணீரும் கொடுத்துக் கூட இருந்தால் பிழைக்கக் கூடியவர் பிழைப்பர், அவ்வளவே.

எதிர்த்து நின்ற பூசாரியையும் அந்நோய் பற்றிற்று. அவரைச் சூழ்ந்திருந்தோர் அகன்றனர். அவர் வீட்டு வாசலுக்குக் கஞ்சியுடன் வந்தவர்கள் அவர் விரட்ட நினைத்த வெள்ளைக்காரர் இருவரே. பிழைக்கமாட்டோம் என்று தெளிந்தபோது, தம் கைக்குழந்தையான பெண்ணையும் அவளுடைய அண்ணனையும் அவ்விருவரிடமே ஒப்புவித்துவிட்டு அவர் இறந்தார். ஊரார் இதனை மிகவும் ஆழ்ந்து எண்ணினர். சாகும் தந்தை தன் பிள்ளைகளை யாரிடம் விடுகிறான் என்பதைவிடப் பெரிய சாட்சி ஏது என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். இதன் பின்னரே மலையில் சபை ஒன்று உண்டாயிற்று. தாய் தந்தையற்ற குழந்தைகளும் ஒருவர்பின் ஒருவராக அம்மையாரிடம் வந்து சேர்ந்தனர். தனக்கு இரண்டு பிள்ளைகள் என்றிருந்தவருக்கு எண்ணிக்கை நினைவில் நில்லாத அளவுக்குப் பிள்ளைகள் ஆயினர்.

துரையவர்கள் செய்த வேலைகளை விரிப்பின் பெருகும். பள்ளிகள் திறந்தார், தச்சும் நெசவும் கற்பித்தார், நாரத்தை வகைப் பழமரங்களும், பட்டுப்பூச்சி வளர்ப்பதற்கு முசுக்கொட்டையும் பயிராக்கினார், மலை மக்களின் குறைகளை எடுத்து அரசாங்கத்துக்கு எழுதினார். இவற்றுள் ஒன்றை மட்டும் சிறிது விரித்துச் சொல்ல விரும்புகிறேன். நம்முள் இளையோர் அந்நோயின் பெயரையே கேட்டிரார்.

நரம்புச் சிலந்தி என்று ஒரு நோய் இருந்தது. படிக்கிணற்று நீரில் வாழும் மிகச் சிறிய பூச்சியொன்றின் வயிற்றில் அதன் குஞ்சு வளரும். அந்நீரைக் குடித்தவன் உடம்பினுள் அது ஓராண்டளவு வளர்ந்து, இரண்டு மூன்று அடி நீளமுள்ள நூல்போன்ற புழுவாகி, காலில் கொப்புளம் எழுப்பி வெளிவரத் தலைநீட்டும். எரிச்சல் தாளாமல் அவன் காலை நீரில் வைப்பான். வைத்தவுடன் புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளை அந்நீரிலேயே விட்டுவிடும். அதே நீரை ஊரார் மொண்டு குடிப்பர். வெளிவரும் புழுவை இழுத்தால் அறுந்து உள்ளே அழுகும். ஆகையால் ஒரு குச்சியில் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சுற்றி எடுக்க வேண்டும். துரை இவ்வாறு சுற்றி எடுத்ததைச் சிறு பிள்ளையாயிருந்த பால் அருகிலிருந்து பார்த்திருக்கிறார். எடுப்பதோடு துரை நிற்கவில்லை. கிணற்றுக்குள் எவரும் இறங்காதபடி சுற்றிலும் கற்சுவர் எழுப்பி, மேலிருந்து மொள்ளச் செய்தார். கொத்தனாரின் கரண்டி அங்கே வைத்தியரின் கத்தியினும் அதிகம் சாதித்தது. அந்நோய் இந்தியாவை விட்டே ஒழிந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் சான்றளித்தது. அதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன்பே கொல்லிமலையில் ஒருவர் அதன் வழியை அடைக்க முயன்றார்.

இன்னொரு நிகழ்ச்சியும் பாலின் நினைவில் அழியாது நின்றது. தொழுநோய் கண்ட மூவர் ஒருநாள் வீட்டு முற்றத்துக்கு வந்தனர். அம்மையார் குழந்தைகளை உள்ளே போகச் சொன்னார். எவர்க்கும் வெறுங்கையால் மருந்திடும் தந்தையார் அன்று கையுறை அணிந்துகொண்டு அவர்கள் புண்ணைக் கழுவிக் கட்டினார். அக்காலத்து அறிவு அவ்வளவே. தந்தை கையுறையோடு தொட்ட நோயாளரைப் பிற்காலத்தில் மகன் வெறுங்கையால் தொட்டுச் சிகிச்சை செய்தார்.

1923-இல் குடும்பத்தார் சீமைக்குச் சென்றனர். திரும்பும்போது பெற்றோர் இருவரே திரும்பினர். ஒன்பது வயதுப் பாலும் அவனினும் இளைய கானியும் படிப்பின் பொருட்டு இலண்டனில் அம்மையாரின் சகோதரிகளிடம் விடப்பட்டனர். இந்தியாவில் இருந்த ஆங்கிலேயருக்கு இஃது அக்காலத்தில் வழக்கமே. வழக்கமாதலின் வலி குறைந்ததென்று யாரும் எண்ணவேண்டாம். பிறர் பிள்ளைகள் பலருக்குத் தாயாக இருந்தவர் தம் பிள்ளைகளைத் தபாலில் வளர்க்க நேர்ந்தது. அது சரியா, தவறா என்று நூறாண்டு கழித்து நாம் இருந்த இடத்திலிருந்து தீர்ப்புச் சொல்லிவிடுதல் எளிது. அம்மையாரை நான் எவ்வளவு போற்றினாலும், இவ்வொரு காரியத்தில் அவர் கொடுத்த விலையில் ஒரு பங்கை அக்குழந்தைகளும் கொடுத்தனர் என்பதை எழுதாமல் விடுவது நேர்மையன்று.

துரை மகனுக்கு வாராவாரம் கடிதம் எழுதினார். மலையில் கண்ட பறவை, பூச்சி, மரம் இவற்றையெல்லாம் வருணித்து எழுதுவார். 1929-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவரைக் கருநீர்க் காய்ச்சல் பற்றியது. மலைச்சுரத்தில் அடிபட்ட உடம்பிலேயே வருவது அது. இரத்தம் கரைந்து சிறுநீர் கறுத்துவிடும். மேலே வைத்தியர் என்று சொல்லத்தக்கவர் அவரொருவரே, அவரே படுத்துவிட்டார். ஜூன் 15-ஆம் நாள், நாற்பத்துநான்கு வயதில், அவர் உயிர் பிரிந்தது. மலையிலேயே அடக்கம் செய்தனர்.

தந்தி இலண்டனுக்கு உடனே போய்ச் சேர்ந்தது. கடிதங்கள் கப்பலில் அல்லவா போகும்? இறந்துவிட்டார் என்ற செய்தி கேட்ட பின்னும் தந்தையின் கையெழுத்திட்ட கடிதங்கள் வாரந்தோறும் வந்துகொண்டேயிருந்தன. பதினைந்து வயது நிரம்பாத அச்சிறுவன் அவற்றை எங்ஙனம் பிரித்துப் படித்திருப்பான்! ஒருநாள் அவையும் நின்றன.

அம்மையார் சீமைக்குத் திரும்பியபோது, துறைமுகத்தில் எதிர்கொள்ள வந்த மகனுக்குத் தாயை அடையாளம் காண்பதே அரிதாயிற்று. ஐம்பது வயதிலேயே கிழவியாகியிருந்தார்; துயரம் அவரைக் குறுக்கிவிட்டது. உறவினர் யாவரும் இனி அவர் இங்கேயே தங்கிவிடுவார் என்று நினைத்தனர். அவரோ மறுபடியும் இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

இதற்குக் காரணம் ஒன்று உண்டு. கணவர் இருந்த காலத்தில் இருவரும் கூடி ஓர் உறுதி செய்துகொண்டிருந்தனர். கொல்லிமலையின் உச்சியிலிருந்து பார்த்தால் அடுத்தடுத்து மலைத்தொடர்கள் நீலம் பூத்து நிற்கும். கொல்லி, பச்சைமலை, கல்வராயன், பெரியமலை, சித்தேரி ஆகிய ஐந்து மலைகளிலும் தங்கள் பணி சென்று சேரவேண்டும் என்பதே அவ்வுறுதி. கணவர் சென்றபோது ஒன்று மட்டும் தொடங்கியிருந்தது. நான்கு எஞ்சி நின்றன.

ஆனால் மிஷன் என்பது ஒரு தாபனம். அதற்கென்று சட்டமும் ஏற்பாடும் உண்டு. தனித்த விதவை ஒருத்தியை மலைமேல் விட்டுவைக்க அது தயங்கியது. அவரைச் சமவெளியிலும் பணிபுரியச் செய்தது. அம்மையார் அடங்கி நடந்தார். ஆயினும் விடுமுறை கிடைத்தபோதெல்லாம் மலையில் போய்க் கூடாரமடித்தார். இவ்வாறே பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. அறுபத்தெட்டு வயதையெட்டும் வேளையில், இன்னுமொரு முழுத் தவணைக்கு அவரை அனுப்ப மிஷன் மறுத்தது. முதுமை என்பதே காரணம்; அதனைக் குற்றம் சொல்லவும் இடமில்லை. ஓராண்டு மட்டுமாவது கொடுங்கள் என்று மன்றாடிப் பெற்றார். அவ்வாண்டு முடிந்ததும் நண்பர்கள் கூடி வழியனுப்பு உபசாரம் நடத்தினர். அவ்வேளையில்தான் அவர் தம் கருத்தை வெளியிட்டார். மிஷன் பணியிலிருந்து ஓய்வு பெறுவது மெய்யே; ஆனால் தாம் போவது இலண்டனுக்கு அல்ல, மலைக்கே என்றார். சம்பளமில்லை, மேலதிகாரியுமில்லை, ஆகையால் அனுமதியும் கேட்கவேண்டுவதில்லை. கிழவியின் சூழ்ச்சி பலித்தது.

அதன்பின் நடந்ததைச் சுருக்கிச் சொல்வது எனக்குக் கடினமாயிருக்கிறது. எழுபது வயதுக்குமேல் ஒரு பெண்மணி மட்டக்குதிரைமேல் ஏறிக் கல்வராயன் மலையூர்களைச் சுற்றிவந்தார். மருந்துப் பெட்டியுடன் போய்ப் புண் கட்டினார், புழு எடுத்தார், எவரும் வேண்டாத குழந்தைகளைத் தூக்கிவந்து பால் கொடுத்தார். மலை மக்கள் அவரைப் பாட்டி என்றே அழைத்தனர். குதிரையிலிருந்து விழுந்தார், இடுப்பு முறிந்தது, முதுகெலும்பும் அடிபட்டது. எழுந்தபின் இரண்டு மூங்கிற் கோல்களை ஊன்றி நடந்தார். பால் 1946 முதல் வேலூரில் இருந்தாராதலின், தாயைப் பார்க்க மலைக்கு வருவார். இத்தனை முறிவுகளுக்குப் பின்னும் தனியே இருப்பது தகாது, கீழே வந்துவிடுங்கள் என்று வேண்டுவார். எத்தனையோ பேரின் விரல்களை நிமிர்த்திய அந்நிபுணருக்குத் தம் தாயின் மனத்தை வளைக்கும் வித்தை மட்டும் கைகூடவில்லை. தொண்ணூறு வயதைக் கடந்த பின்பே குதிரையை விட்டார்.

கடைசி இருபது ஆண்டுகள் தம் வீட்டில் கண்ணாடி வைத்துக்கொள்ள அவர் சம்மதிக்கவில்லை என்று பால் எழுதியிருக்கிறார். இளமையில் அழகிய உடைகளை விரும்பிய அப்பெண்மணிக்குத் தம் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கவே அவசியம் நேரவில்லை போலும். தாய் மிக அழகாயிருந்தது அந்நாட்களில்தான் என்பது மகனின் எண்ணம். சுருக்கம் விழுந்த அம்முகத்தைப் பார்த்து மலைக் குழந்தைகள் மலர்ந்ததை அவர் கண்டிருந்தார்.

ஐந்து மலைகளிலும் அவர் காலடி பட்டது. எவ்விடத்தும் பெருந்திரளாகச் சபை எழுந்ததென்று நான் சொல்லவில்லை. கணவரோடு செய்த உறுதி நிறைவேறிற்று என்பதே நாம் கருதத்தக்கது.

1929 முதல் 1973 வரை நாற்பத்தைந்து கிறிஸ்து பிறப்புத் திருநாட்களை அம்மையார் கணவரின்றிக் கண்டார். கணவர் உயிரோடிருக்கக் கண்டவை பதினாறு. நாற்பத்தாறாவது திருநாளுக்கு ஒரு வாரம் இருக்கையில், 1974-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள், தம் தொண்ணூற்றைந்தாவது வயதில் அவர் கண் மூடினார். மார்கழி பிறந்து மலைமேல் பனியும் குளிரும் மிகுந்திருக்கும் காலம் அது. அவருடைய சரீரத்தை வாழவந்திக்குக் கொண்டுசென்றனர். பெட்டி வேண்டாம், உடம்பு மண்ணோடு மண்ணாகக் கலக்கட்டும் என்பது அவர் விருப்பம். ஆகவே மலை மக்கள் அவரை ஒரு பருத்தித் துணியில் சுற்றி, ஜெஸ்ஸி துரையின் கல்லறைக்கு அருகே நிலத்தில் கிடத்தி மண்ணிட்டனர்.